வீட்டில் இருந்துவிட்டால் பிரச்சினை தீர்ந்துவிடுமா?

அரசு ஊழியர் வேலைநிறுத்தமும் சங்கத்தில் இல்லாதவரின் நிலையும்: ஓர் எளிய விளக்கம்

வேலைநிறுத்தத் தேதி அறிவிக்கப்பட்டதும் அரசு அலுவலகங்களில் இரண்டு கணக்கெடுப்புகள் தொடங்கிவிடும். யார் வருவார்கள், யார் வரமாட்டார்கள் என்று சங்க நிர்வாகி ஒரு பக்கம் பட்டியல் போடுவார். அதிகாரி இன்னொரு பக்கம் போடுவார். சங்கத்தில் இருப்பவருக்கு இதில் பெரிய குழப்பம் கிடையாது. கோரிக்கை அவருடையது, முடிவும் அவருடையது, பின்விளைவு வந்தால் பேசுவதற்கு ஓர் அமைப்பும் இருக்கிறது. எந்தச் சங்கத்திலும் இல்லாதவர்தான் நடுவில் மாட்டிக்கொள்கிறார். "நீங்க போராட்டத்துக்கு வர வேண்டாம் சார், அன்னைக்கு ஒருநாள் ஆபீசுக்கு வராம மட்டும் இருங்க, போதும்" என்று சக ஊழியர் சொல்லும்போது அது சின்ன உதவி கேட்பதுபோலத்தான் இருக்கும். யாரையும் பகைத்துக்கொள்ள வேண்டாமே என்று பலர் வீட்டில் இருந்துவிடுகிறார்கள்.

அப்படி இருப்பது நடுநிலை என்று அவர்கள் நினைக்கிறார்கள். வருகைப் பதிவேட்டில் நடுநிலைக்குக் கட்டம் இல்லை. கையெழுத்து இருந்தால் பணிக்கு வந்தவர். இல்லையென்றால், வேறு காரணம் நிரூபிக்கப்படும்வரை, வேலைநிறுத்தம் செய்தவர். இதன் பொருள் என்ன, அழுத்தம் எதுவரை நியாயம், எங்கே குற்றமாகிறது, அந்த நாளில் எப்படி நடந்துகொள்வது என்பதைத் தமிழ்நாட்டு அனுபவத்தை வைத்துப் பார்க்கலாம்.

சங்கத்தில் இல்லாதவர்கள் யார்?

எல்லாரும் ஒரே ரகம் இல்லை. புதிதாகச் சேர்ந்து தகுதிகாண் பருவத்தில் இருப்பவர்கள், வேலை உறுதியாகட்டும் என்று ஒதுங்கியிருப்பார்கள். தொகுப்பூதியம், தினக்கூலி, பகுதிநேரம், அவுட்சோர்சிங் என்று பல பெயர்களில் அதே அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு நிரந்தர ஊழியர் சங்கத்தில் பெரும்பாலும் இடமே இருக்காது. வேறு சங்கத்தில் இருந்து, அந்தச் சங்கம் போராட்டத்தில் சேராததால் அன்றைக்கு மட்டும் 'வெளியாள்' ஆகிறவர்கள் உண்டு. சந்தா, கூட்டம், அரசியல் எதுவும் வேண்டாம் என்று இருப்பவர்களும் உண்டு.

இவர்களில் ஆபத்து யாருக்கு அதிகம் என்பதைக் கவனிக்க வேண்டும். இருபது ஆண்டு சர்வீஸ் உள்ள உதவியாளர் ஒருநாள் வராவிட்டால் ஒருநாள் சம்பளம் போகும். மாதம் 60,000 ரூபாய் வாங்குபவருக்கு அது சுமார் 2,000 ரூபாய். தகுதிகாண் பருவத்தில் இருப்பவருக்கு அந்த ஒருநாள் பணிவரன்முறை வரைக்கும் இழுக்கலாம். தொகுப்பூதியக்காரருக்கு வேலையே போகலாம். 'எல்லாரும்தானே வரல' என்ற ஆறுதல் எல்லாருக்கும் ஒரே அளவில் பொருந்தாது.

அழுத்தம் எப்படி வருகிறது?

கை ஓங்கி மிரட்டுவது அபூர்வம். பெரும்பாலும் அழுத்தம் பழக்கத்தின் வழியாகவே வரும். வாட்ஸ்அப் குழுவில் முதலில் வேண்டுகோள் வரும். பிறகு 'நம் ஒற்றுமையைக் காட்டுவோம்' என்று வரும். முந்தின நாள் மாலை 'யார் யார் வந்தார்கள் என்பது தெரியத்தான் போகிறது' என்று ஒரு வரி வந்து விழும். மதியம் சேர்ந்து சாப்பிடும் மேஜையில் பேச்சு நின்றுபோகும். கருங்காலி என்ற சொல் நேராகச் சொல்லப்படாமல் காதில் விழுகிற தூரத்தில் சொல்லப்படும்.

ஈராசிரியர் தொடக்கப் பள்ளியை எடுத்துக்கொள்வோம். தலைமையாசிரியர் சங்க உறுப்பினர், வேலைநிறுத்தத்தில் இருக்கிறார். உதவி ஆசிரியர் எந்தச் சங்கத்திலும் இல்லை, பள்ளிக்கு வர நினைக்கிறார். பள்ளிச் சாவியும் வருகைப் பதிவேடு இருக்கும் பீரோவின் சாவியும் தலைமையாசிரியரிடம். காலை ஒன்பது மணிக்கு உதவி ஆசிரியர் பூட்டிய கதவுக்கு முன்னால் நிற்கிறார். நாலைந்து பிள்ளைகளும் நிற்கிறார்கள். யாரும் அவரைத் தடுக்கவில்லை, மிரட்டவில்லை. ஆனால் அவர் வந்ததற்குச் சான்று எங்கேயும் இல்லை. பத்து மணிக்கு வீடு திரும்பினால் பதிவேட்டில் அவரும் வராதவர்தான். வட்டாரக் கல்வி அலுவலருக்கு அங்கிருந்தே போன் செய்து, மாற்றுச் சாவிக்கு ஏற்பாடு கேட்டு, அதை உடனே குறுஞ்செய்தியாகவும் அனுப்பிவிட்டால் கதை வேறு. அன்றைக்கு எழுத்தில் இருக்கிற ஒரு வரிதான் நாளைக்கு அவரைக் காப்பாற்றும்.

சங்கத்தின் பக்கம் நியாயம் இல்லையா?

இருக்கிறது. அகவிலைப்படி உயர்ந்தால் சந்தா கட்டியவருக்கு மட்டும் உயர்வதில்லை. ஊதியக்குழு, ஈட்டிய விடுப்பு ஒப்படைப்பு, ஓய்வூதியம் என்று எதில் பலன் கிடைத்தாலும் எல்லாருக்கும் கிடைக்கிறது. சம்பளத்தை இழந்து, சஸ்பெண்ட் ஆகி, சிலர் சிறைக்கும் போய் வாங்கித் தந்ததை, வேலைக்கு வந்து கையெழுத்துப் போட்டவரும் வாங்கிக்கொள்கிறார் என்பது சங்கத்தினரின் நெடுங்காலக் கோபம். பாதிப் பேர் வேலைக்கு வந்துவிட்டால் 'போராட்டம் பிசுபிசுத்தது' என்று மறுநாள் அரசே அறிக்கை விடும் என்பதும் அவர்களுக்குத் தெரியும்.

ஆகவே வந்து பேசுவதும், கோரிக்கையை விளக்குவதும், 'இந்த முறையாவது எங்களோடு நில்லுங்கள்' என்று கேட்பதும் சங்கத்தின் இயல்பான வேலை. அதைத் தொல்லை என்று சொல்ல முடியாது. கேட்பதற்கும் தடுப்பதற்கும் நடுவில்தான் சட்டம் கோடு போடுகிறது.

அரசு இதை எப்படிப் பார்க்கிறது?

ஒவ்வொரு வேலைநிறுத்தத்துக்கு முன்னாலும் தலைமைச் செயலாளரிடமிருந்து ஒரு கடிதம் எல்லாத் துறைகளுக்கும் போகும். வாசகம் ஏறக்குறைய ஒன்றேதான். வேலைநிறுத்தத்தில் பங்கேற்பது 1973-ஆம் ஆண்டு தமிழ்நாடு அரசுப் பணியாளர் நடத்தை விதிகளை மீறுவது. வராதவர்களுக்கு 'நோ ஒர்க், நோ பே'. தற்செயல் விடுப்பு தரக் கூடாது, மருத்துவ விடுப்பு மட்டும் விதிவிலக்கு. அன்று காலையிலேயே வருகை விவரத்தை மேலே அனுப்ப வேண்டும். பகுதிநேர, தினக்கூலி, தொகுப்பூதியப் பணியாளர்கள் பங்கேற்றால் பணியிலிருந்து விடுவிக்கலாம்.

இந்தக் கடிதத்தின் அடித்தளம் நடத்தை விதி 22. அரசுப் பணியாளர் வேலைநிறுத்தத்தில் ஈடுபடக் கூடாது, தூண்டக் கூடாது, 'அதையொத்த செயல்களிலும்' ஈடுபடக் கூடாது என்கிறது அது. அதையொத்த செயல் எது என்பதற்கு விதியிலேயே விளக்கம் உண்டு: அரசையோ மேலதிகாரியையோ ஒன்றைச் செய்ய நிர்ப்பந்திக்கும் நோக்கத்தோடு அனுமதி இல்லாமல் பணிக்கு வராதிருப்பது. கோஷம் போட்டாரா, கொடி பிடித்தாரா என்று விதி கேட்கவில்லை. அனுமதி இல்லாத வராமை, அதற்குப் பின்னால் ஒரு நோக்கம், இவ்விரண்டும் போதும்.

சங்கத்தில் இல்லாதவருக்குச் சட்டப்படி கிடைக்கிற பிடிமானமும் இங்கேதான் இருக்கிறது. 'எனக்கு அந்த நோக்கம் இல்லை' என்று அவர் சொல்லலாம். ஆனால் வேலைநிறுத்த நாளில் வராதவருக்கு அந்த நோக்கம் இருந்ததாகவே அலுவலகம் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று காட்டும் சுமை நடைமுறையில் அவர் தலையில்தான் விழும். பயத்தால் வரவில்லை என்பது உண்மையாகவே இருக்கலாம். அன்றைக்கே அதை எழுதித் தராமல் மூன்று மாதம் கழித்து மெமோவுக்குப் பதிலாகச் சொன்னால் நம்புபவர் குறைவு.

சம்பளப் பிடித்தம் மட்டுமென்றால் ஒருநாளோடு போயிற்று. ஒழுங்கு நடவடிக்கை அப்படி முடியாது. ஒழுங்கு நடவடிக்கை விதிகளில் 17(ஏ) சிறு தண்டனைக்கு, 17(பி) பெருந்தண்டனைக்கு. 17(பி) குற்றச்சாட்டு நிலுவையில் இருந்தால் பதவி உயர்வுப் பட்டியலில் பெயர் தள்ளிப்போகும். ஓய்வு நெருங்கியவருக்குப் பணப்பலன்கள் சிக்கும். அலுவலகங்களில் '17பி வாங்கிட்டார்' என்று சொல்லும்போது குரல் தாழ்வது இதனால்தான்.

2003: ஒரே கையெழுத்தில் 1.70 லட்சம் பேர்

இந்த விதிகளெல்லாம் ஏட்டோடு நிற்கும் என்று நினைத்திருந்தவர்களுக்கு 2003 பாடம் புகட்டியது. ஓய்வூதியம் உள்ளிட்ட சலுகைகள் குறைக்கப்பட்டதை எதிர்த்து அந்த ஆண்டு ஜூலை 2-ஆம் தேதி அரசு ஊழியர்களும் ஆசிரியர்களும் காலவரையற்ற வேலைநிறுத்தத்தைத் தொடங்கினார்கள். முதல்வர் ஜெயலலிதாவின் அரசு 2002-ஆம் ஆண்டு டெஸ்மா சட்டத்தை (தமிழ்நாடு அத்தியாவசியப் பணிகள் பராமரிப்புச் சட்டம்) ஓர் அவசரச் சட்டத்தால் இன்னும் கடுமையாக்கியது. விசாரணை இல்லாமலே பணிநீக்கம் செய்ய வழி பிறந்தது. சுமார் 1,70,000 பேர் நீக்கப்பட்டார்கள். காலியான இடங்களில் மாதம் 4,000 ரூபாய் தொகுப்பூதியத்தில் இளைஞர்களை எடுத்து உட்கார வைத்தது அரசு.

அவ்வளவு பேரை அவ்வளவு வேகத்தில் நீக்கும்போது, இவர் சங்கத்துக்காரரா, ஊர்வலத்தில் போனாரா, பயந்துபோய் வீட்டில் இருந்தாரா என்று ஆளுக்கு ஆள் விசாரிக்க இடமில்லை. வராதவர் யார் என்ற பட்டியல்தான் முன்னால் இருந்தது.

வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. தொழிற்சங்கத் தலைவர் டி.கே. ரங்கராஜன் பெயரில் அறியப்படும் அந்த வழக்கில், 2003 ஆகஸ்ட் 6-ஆம் தேதி நீதிபதிகள் எம்.பி. ஷா, ஏ.ஆர். லட்சுமணன் அமர்வு தீர்ப்பளித்தது. அரசு ஊழியர்களுக்கு வேலைநிறுத்தம் செய்ய அடிப்படை உரிமையும் இல்லை, சட்ட உரிமையும் இல்லை, தார்மீக உரிமையும் இல்லை என்றது தீர்ப்பு. கைதானவர்கள், வழக்குப் பதிவானவர்கள் நீங்கலாக மற்றவர்களைத் திரும்பச் சேர்க்க அரசு ஒப்புக்கொண்டது. ஆனால் நிபந்தனையற்ற மன்னிப்புக் கேட்க வேண்டும். விதி 22-ஐ மதித்து நடப்பதாக உறுதிமொழி தர வேண்டும். பட்டியலில் பெயர் ஏறிவிட்டவர் வேலைநிறுத்தத்தை ஆதரித்தாரோ இல்லையோ, திரும்பி வரும் வழி அதுதான்.

உரிமை உண்டா இல்லையா என்ற கேள்விக்கு அதற்கும் முன்னாலேயே ஓரளவு பதில் வந்திருந்தது. சங்கம் சேரும் உரிமைக்குள் வேலைநிறுத்த உரிமை அடங்காது என்று 1961-லேயே வங்கி ஊழியர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 1962-ல் காமேஷ்வர் பிரசாத் வழக்கில், அமைதியான ஆர்ப்பாட்டத்துக்கு முழுத் தடை போட முடியாது, வேலைநிறுத்தத்துக்குத் தடை செல்லும் என்று பிரித்துக் காட்டியது. அலுவலக நேரம் முடிந்தபின் நடக்கும் ஆர்ப்பாட்டத்தில் சங்கங்கள் பலத்தைக் காட்டுவதற்கு இந்த வேறுபாடும் ஒரு காரணம்.

2019: தண்டனை வந்தது, பிறகு போனது

2019 ஜனவரி 22 அன்று, ஆசிரியர், அரசு ஊழியர் சங்கங்களின் கூட்டமைப்பான ஜாக்டோ-ஜியோ காலவரையற்ற வேலைநிறுத்தத்தைத் தொடங்கியது. 2003 ஏப்ரல் 1 முதல் சேர்ந்தவர்களுக்கான பங்களிப்பு ஓய்வூதியத் திட்டத்தை ரத்து செய்து பழைய ஓய்வூதியத்தைக் கொண்டுவர வேண்டும் என்பது முதன்மைக் கோரிக்கை. அரசு அசையவில்லை. கைது, சஸ்பெண்ட், 17(பி), இடமாற்றம் எல்லாம் வந்தன. மாதம் 10,000 ரூபாய்க்குத் தற்காலிக ஆசிரியர்களை எடுக்கப்போவதாக அறிவிப்பும் வந்தது. ஜனவரி 30 அன்று போராட்டம் விலக்கிக்கொள்ளப்பட்டது.

அதற்குப் பின் நடந்ததுதான் கவனிக்க வேண்டியது. 2021 பிப்ரவரியில், தேர்தல் வாசலில் நின்றபோது, முதல்வர் எடப்பாடி கே. பழனிசாமி ஊழியர்கள் மீதான நடவடிக்கைகளைக் கைவிடுவதாக அறிவித்தார். அந்த ஆண்டே ஆட்சிக்கு வந்த திமுக அரசு, வேலைநிறுத்தக் காலத்தைப் பணிக்காலமாக முறைப்படுத்த ஆணையிட்டது. வராத நாட்கள் வந்த நாட்களாயின.

இதனால் சங்கத்தில் இல்லாதவர் மனத்தில் இரண்டு கணக்குகள் மோதுகின்றன. 2003-ஐ நினைத்தால் வேலைக்குப் போவதே புத்தி. 2021-ஐ நினைத்தால், 'எப்படியும் அடுத்த ஆட்சியில் சரியாகிவிடும், எதற்கு நாலு பேர் பகை' என்று தோன்றும். இரண்டாவது கணக்கில் ஓர் ஓட்டை இருக்கிறது. முறைப்படுத்தும் ஆணை வரலாம் என்பது அரசியல். வந்தே தீரும் என்று எந்த விதியும் சொல்லவில்லை. வருவதற்குள் ஓய்வு பெறுபவரும் பதவி உயர்வைத் தவறவிடுபவரும் இருப்பார்கள். அந்த ஆணைக்காக அரசோடு பேசிக்கொண்டிருக்கப்போவது சங்கம். அதன் கோரிக்கைப் பட்டியலில் விடுவிக்கப்பட்ட தொகுப்பூதியக்காரரின் பெயர் எத்தனையாவது இடத்தில் இருக்கும் என்பதையும் யோசிக்க வேண்டும்.

அழுத்தம் எங்கே குற்றமாகிறது?

மின்வாரியம், போக்குவரத்துக் கழகம் போன்றவை தொழில் நிறுவனங்களாகக் கருதப்படுவதால் அங்கே தொழிலாளர் சட்டம் நேராகப் பேசுகிறது. 1947-ஆம் ஆண்டு தொழிற்தகராறு சட்டத்தின் ஐந்தாம் அட்டவணை, நிர்வாகம் செய்யும் முறையற்ற செயல்களோடு தொழிற்சங்கம் செய்யும் முறையற்ற செயல்களையும் பட்டியலிட்டது. வேலைக்கு வருகிறவர் உள்ளே நுழைய முடியாதபடி மறியல் செய்வது அதில் ஒன்று. வேலைநிறுத்தத்தில் சேராதவர் மீது வன்முறை காட்டுவதும் மிரட்டுவதும் இன்னொன்று. அந்தச் சட்டத்துக்குப் பதிலாக 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் தொழில் உறவுகள் தொகுப்புச் சட்டமும் இந்தப் பட்டியலை வைத்துக்கொண்டிருக்கிறது.

புதிய சட்டம் இன்னொன்றும் சொல்கிறது. ஒரே நாளில் 50 விழுக்காடோ அதற்கு மேலோ தொழிலாளர்கள் சேர்ந்து தற்செயல் விடுப்பு எடுத்தால் அதுவும் வேலைநிறுத்தமே. 'ஸ்ட்ரைக் வேண்டாம், எல்லாரும் சி.எல். போட்டுடுவோம்' என்ற பழைய உத்தி அங்கே இனி மறைப்பு ஆகாது. சங்கத்தில் இல்லாதவர் நண்பருக்காகக் கொடுத்த ஒரு சி.எல். விண்ணப்பமும் அந்த 50 விழுக்காட்டுக்குள் எண்ணப்படலாம்.

தாலுகா அலுவலகம், பள்ளி போன்ற இடங்களில் பொதுவான குற்றவியல் சட்டம்தான் துணை. ஒருவர் போக உரிமையுள்ள வழியில் போகவிடாமல் மறிப்பது பாரதிய நியாய சன்ஹிதாவின் 126-ஆம் பிரிவில் குற்றம். உடலுக்கோ உடைமைக்கோ நற்பெயருக்கோ கேடு செய்வதாகச் சொல்லி மிரட்டுவது 351. அரசுப் பணியாளர் கடமையைச் செய்யவிடாமல் தடுப்பது 221, கை வைத்தால் 132. தடுப்பவரும் அரசுப் பணியாளராக இருப்பது விலக்கு ஆகாது. அலுவலக நேரத்தில் அலுவலக வளாகத்துக்குள் கூட்டம், ஊர்வலம் நடத்துவதை நடத்தை விதி 22-ஏ தடுக்கிறது.

பதிவுபெற்ற தொழிற்சங்கங்களுக்குச் சட்டம் சில பாதுகாப்புகளைத் தருவது உண்மை. அந்தப் பாதுகாப்பு அமைதியான போராட்டத்துக்குத்தான். 1960-களில் மேற்கு வங்கத்தில் கெரோ என்ற முற்றுகைப் போராட்டம் பரவியபோது, ஆளை அடைத்து வைப்பதற்கும் வழிமறிப்பதற்கும் தொழிற்சங்கச் சட்டத்தின் பாதுகாப்பு கிடையாது என்று 1967-ல் கல்கத்தா உயர் நீதிமன்றம் தெளிவாக்கியது.

இதை வாட்ஸ்அப் மொழிக்குக் கொண்டுவந்து பார்க்கலாம். 'நாளை யாரும் பணிக்குச் செல்லாமல் ஒத்துழைக்கும்படி கேட்டுக்கொள்கிறோம்': இது வேண்டுகோள். 'வருகிறவர்களை நாங்கள் மறக்கமாட்டோம்': இது அழுத்தம், வழக்குக்கு நிற்காது, ஆனால் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைக்க வேண்டியது. 'வந்தால் வண்டி வீடு போய்ச் சேராது': இது குற்றம். சாப்பாட்டு மேஜையில் பேசாமல் இருப்பதை எந்தச் சட்டமும் தடுக்காது. அதைத் தாங்கிக்கொள்ளத்தான் வேண்டும்.

எதிர்த்திசையிலும் அழுத்தம் உண்டு

வீட்டில் இரு என்று மட்டும்தான் அழுத்தம் வரும் என்பதில்லை. போக்குவரத்துக் கழகங்களைப் பாருங்கள். 2018 ஜனவரியில் ஊதிய ஒப்பந்தத்துக்காக நடந்த வேலைநிறுத்தத்தில் திமுகவின் தொமுசவும் சிஐடியுவும் முன்னால் நின்றன. ஆளுங்கட்சியான அதிமுகவின் அண்ணா தொழிற்சங்கப் பேரவை பஸ்ஸை ஓட்டியது. 2024 ஜனவரியில் பேரவையும் சிஐடியுவும் வேலைநிறுத்தம் அறிவித்தன. அப்போது ஆளுங்கட்சித் தரப்பாக இருந்த தொமுச பஸ்ஸை ஓட்டியது. ஆறு ஆண்டில் இடம் மாறியாயிற்று. எந்தச் சங்கத்திலும் இல்லாத ஓட்டுநரிடம் ஒரு முறை வண்டியை எடுக்காதே என்றும், மறுமுறை எடுத்தே ஆக வேண்டும் என்றும் சொல்பவர் ஒரே ஆளாகக்கூட இருக்கலாம்.

கேரளத்தில் இன்னொரு விதம். மத்திய அரசை எதிர்த்து நடக்கும் பொது வேலைநிறுத்தத்தை மாநில ஆளுங்கட்சியே ஆதரிக்கும்போது, வேலைக்குப் போக நினைப்பவர் யாரிடம் முறையிடுவார்? 2019 ஜனவரி 8, 9 வேலைநிறுத்தத்தில் பங்கேற்றவர்களுக்கு அந்த நாட்களைச் சம்பளத்தோடு கூடிய விடுப்பாக்கி அரசு ஆணையிட்டது. அந்த ஆணையைக் கேரள உயர் நீதிமன்றம் 2021-ல் ரத்து செய்தது. 2022 மார்ச் 28, 29 வேலைநிறுத்தத்தின்போது, ஊழியர்கள் பங்கேற்பதைத் தடுத்து ஆணையிடும்படி நீதிமன்றம் முதல் நாளிலேயே சொன்னது. அதற்குப் பிறகுதான் டைஸ் நான், அதாவது வராத நாளைப் பணிநாளாகக் கணக்கிடாமல் சம்பளத்தை நிறுத்தும் ஆணை, வெளியானது. முதலாளியான அரசும் போராட்டத்தின் பக்கம் சாய்ந்துவிட்டால் தனி ஊழியரின் விருப்பத்துக்கு நீதிமன்றம் ஒன்றே மிச்சம்.

அன்றைக்கு என்ன செய்வது?

வழிகள் மூன்று. எதை எடுத்தாலும் முழுதாக எடுக்க வேண்டும்.

முதலாவது, கோரிக்கையில் உடன்பாடு இருந்தால் சேருவது. உறுப்பினராக இல்லாமலும் சேரலாம். ஆனால் சம்பளம் போகும், நடவடிக்கை வரலாம் என்று தெரிந்தே சேர வேண்டும். வழக்குச் செலவு, நடவடிக்கை நிதி போன்றவற்றில் உறுப்பினர் அல்லாதவருக்கும் சங்கம் துணை நிற்குமா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். தொகுப்பூதியக்காரராக இருந்தால் நியமன ஆணையின் நிபந்தனைகளை எடுத்து ஒரு தரம் படியுங்கள்.

இரண்டாவது, வேலைக்குப் போவது. போவதென்றால் வழக்கமான நேரத்துக்குச் சற்று முன்னாலேயே போய், முதல் வேலையாகக் கையெழுத்தைப் போடுங்கள். பயோமெட்ரிக் இருந்தால் அதிலும் பதியுங்கள். வாசலில் வாயிற்கூட்டம் நடந்தால் வாக்குவாதம் வேண்டாம். தடுத்தால் நேரத்தைக் குறித்துக்கொண்டு, அங்கிருந்தபடியே மேலதிகாரிக்குப் போன் செய்யுங்கள். 'இத்தனை மணிக்கு வந்தேன், நுழைய முடியவில்லை, எங்கே பணியாற்ற வேண்டும் என்று சொல்லுங்கள்' என்று எழுத்திலும் அனுப்புங்கள். அருகிலுள்ள மேல் அலுவலகத்தில் ஆஜராகச் சொன்னால் போய் ஆஜராகிவிடுங்கள். உடலுக்கு ஆபத்து என்று தோன்றினால் திரும்பிவிடுவதில் தவறில்லை. 112-க்குச் சொல்லிவிட்டு, அன்றே புகாரை எழுதிக் கொடுத்து ரசீது வாங்கிவிடுங்கள். யார் பெயரையும் தெரியாமல் எழுத வேண்டாம், பார்த்ததை மட்டும் எழுதுங்கள்.

மூன்றாவது, உண்மையாகவே வர முடியாத நிலை. முன்பே அனுமதிக்கப்பட்ட விடுப்பு என்றால் அந்த ஆணையின் நகலைப் பத்திரமாக வைத்திருங்கள். உடல்நலம் சரியில்லை என்றால் அன்றைக்கே மருத்துவரைப் பார்த்துச் சான்று வாங்கி, அன்றைக்கே அனுப்புங்கள். பின்தேதியிட்ட சான்று உதவாது; மருத்துவக் குழுவுக்கு அனுப்பினால் சிக்கல் இரட்டிப்பாகும். பஸ் ஓடவில்லை என்பது காரணம்தான், ஆனால் தனியாக நிற்காது. நடந்தோ பைக்கிலோ வந்துவிட்ட சக ஊழியர் ஒருவர் அதே தெருவில் இருப்பார்.

பிறகு மெமோ வரும். அதோடு சங்கம் தயாரித்த மாதிரி விளக்கக் கடிதமும் கைக்குக் கை வரும். கோரிக்கைகளை முன்வைத்து, தன் பங்கேற்பை நியாயப்படுத்தி எழுதப்பட்டது அது, பங்கேற்றவருக்குச் சரி. பயந்து வராமல் இருந்தவரோ உடல்நலமின்றி வராதவரோ அதில் பெயரை மட்டும் மாற்றிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால், செய்யாத வேலைநிறுத்தத்தை ஒப்புக்கொண்டதாகிவிடும். கெடு முடிவதற்குள், சொந்தச் சொற்களில், நடந்ததை மட்டும் எழுதி, சான்றுகளை இணைத்துக் கொடுப்பதே சரி.

வேறு வழியே இல்லையா?

பிரிட்டனில் 2011 நவம்பர் 30 அன்று ஓய்வூதிய மாற்றங்களை எதிர்த்துப் பொதுத்துறை ஊழியர்கள் பெருமளவில் வேலைநிறுத்தம் செய்தார்கள். அங்கே சட்டம் இரு பக்கத்தையும் பார்க்கிறது. முறையாக வாக்கெடுப்பு நடத்தி அறிவித்த வேலைநிறுத்தத்தில், சங்கத்தில் இல்லாதவர் சேர்ந்தாலும் பணிநீக்கத்திலிருந்து உறுப்பினருக்குள்ள அதே பாதுகாப்பு அவருக்கும் உண்டு. சேராத உறுப்பினரைச் சங்கம் தண்டிக்க முடியாது. ஒரு வாசலில் மறியலுக்கு நிற்பவர்கள் பொதுவாக ஆறு பேருக்கு மேல் இருக்கக் கூடாது என்கிறது நடத்தைக் குறியீடு. வந்து பேச ஆறு பேர் போதும், வழியை அடைக்க ஆறு பேர் போதாது என்பது அதன் உள்ளர்த்தம்.

நம் ஏற்பாட்டில் அந்தச் சமநிலை இல்லை. அரசு ஊழியருக்கு வேலைநிறுத்த உரிமையே இல்லை என்று சட்டம் சொல்கிறது. ஆனாலும் வேலைநிறுத்தங்கள் நடக்கின்றன. சில ஆண்டு கழித்து அரசே அவற்றை முறைப்படுத்துகிறது. விதி ஒன்று, நடப்பு வேறு என்றாகிவிட்ட இடத்தில் தனி ஆளுக்கு அடி இரண்டு பக்கமிருந்தும் விழுகிறது. விதி 22-ஐக் காட்டி மெமோ கொடுக்கும் துறை, அன்றைக்குச் சாவி யாரிடம், வாசலில் தடுத்தால் எங்கே ஆஜராவது, எந்த எண்ணுக்குச் சொல்வது என்பதை முந்தின நாளே எழுத்தில் தர வேண்டும். சங்கத்துக்கும் ஒரு கடமை உண்டு: 'சும்மா வீட்டில் இருங்கள்' என்று கேட்கும்போது, அந்தச் சும்மாவின் விலை என்ன, தாங்கள் அதில் எவ்வளவை ஏற்பார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அதைச் சொல்லாமல் கேட்கிற சங்கத்திடம், குறிப்பாகத் தகுதிகாண் பருவத்தில் இருப்பவரும் தொகுப்பூதியத்தில் இருப்பவரும், பதில் வாங்காமல் தலையாட்டக் கூடாது.